சைக்கிளைப் பார்க்காமல் ஹாண்டில் பாக் கொடுப்பதில்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

இந்த மாதம் தொடக்கம் ஹாண்டில் பாக், அதாவது சைக்கிள் ஹாண்டிலுக்கு முன்னால் மாட்டும் பை, வாங்குபவர்கள் சைக்கிளையும் கடைக்குக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிட்டோம். கூரியரில் அனுப்புவதை நிறுத்திவிட்டோம். "காசு போட்டுவிட்டேன், பார்சலை அனுப்புங்கள்" என்று கேட்டுப் பழகியவர்களுக்கு இதில் கோபம். கோபப்படுங்கள், உரிமை இருக்கிறது. ஆனால் காரணம் கேட்காமலே "இவர்களுக்கு இப்போது தலைக்கனம்" என்று கதைப்பது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பாக் முன்னுக்குக் குப்புறச் சாய்ந்திருக்கிறது, அதன் அடிப்பாகம் ரயரில் உரசி ஓட்டை விழுந்திருக்கிறது. கீழே ஒரு வரி: "டாம் வீதியில் வாங்கிய போலிச் சாமான், கடுகண்ணாவை இறக்கத்தில் உயிர் தப்பினேன்." டாம் வீதி முழுக்கச் சைக்கிள் கடைதான், இருந்தாலும் எல்லோரும் எங்களிடம்தான் வந்து விசாரிக்கிறார்கள். சரி, அது எங்கள் கடைப் பாக்தான். அந்தத் தம்பிக்கு அடிபடவில்லை என்பது பெரிய நிம்மதி. ஆனால் 'போலி' என்ற சொல்லை அப்படியே விட்டுவிட முடியவில்லை.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பாக்கை ஹாண்டிலில் மாட்டும் பிடிக்கு அடாப்டர் என்று பெயர், அதோடு மெல்லிய இரும்புக் கம்பிக் கயிறு ஒன்று வரும். அது ஸ்டெமுக்கு (ஹாண்டிலைச் சைக்கிளோடு பிணைக்கும் துண்டு) அடியால் சுற்றி வந்து அடாப்டருக்குள்ளேயே இறுக வேண்டும். பாக்கின் பாரம் அடாப்டரை எந்நேரமும் முன்பக்கம் சுழற்றப் பார்க்கும். ஹாண்டிலின் அலுமினியக் குழாய் வழுவழுப்பானது. அடாப்டர் அதைக் கவ்வும் கிளாம்பை எவ்வளவு இறுக்கினாலும், கிடங்கு கிடங்காக இருக்கும் ரோட்டில் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சுழன்றுகொண்டே போகும். அதைப் பிடித்து நிறுத்துவது அந்தக் கம்பிதான். படத்தில் கம்பி இல்லை. கூப்பிட்டுக் கேட்டபோது, "அது மிச்சமாகத் தொங்கிக்கொண்டு இருந்தது அண்ணை, வெட்டிப்போட்டேன்" என்றார். படத்தை அனுப்புகிறவர்கள் இந்த வரியைச் சேர்த்து அனுப்புவதில்லை.

உள்ளே என்ன வைத்திருந்தார் என்றும் கேட்டோம். ஒன்றரை லீட்டர் தண்ணீர்ப் போத்தல் இரண்டு, சங்கிலிப் பூட்டு, ஸ்பனர் செட், சோற்றுப் பார்சல். தண்ணீர் மட்டுமே மூன்று கிலோ. ஜெர்மனியில் செய்யும் கிளிக்ஃபிக்ஸ் அடாப்டருக்கே ஏழு கிலோதான் எல்லை. நாங்கள் விற்பது அதைவிட எவ்வளவோ மலிவானது, மூன்று கிலோ என்று பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. மலிவுச் சாமான் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறோம். போலி இல்லை.

கம்பியை ஒழுங்காகப் பூட்டினாலும் பாரம் கூடினால் ஹாண்டில் ஆடத்தான் செய்யும். பாக் இருப்பது உயரத்தில், அதுவும் ஸ்டியரிங் திரும்பும் அச்சுக்கு முன்னால். மெதுவாகப் போகும்போது ஹாண்டில் கனக்கும், வேகமாக இறங்கும்போது நடுங்கும். நடுங்கினால் பதறி முன் பிரேக்கை அமுக்க வேண்டாம். முழங்காலை மேல் பாரில் அணைத்துக்கொண்டு பின் பிரேக்கால் மெல்ல வேகத்தைக் குறையுங்கள். போன், பர்ஸ், கமெரா, மழைக் கோட், கடித்துக்கொள்ள ஏதாவது: முன் பாக் இவற்றுக்குத்தான். பாரமானதெல்லாம் பின் கரியரில், தாழ்வாகக் கட்ட வேண்டும். ஐந்து முதல் ஏழு லீட்டர் பாக் தாராளமாகப் போதும். அதைவிடப் பெரியது கேட்பவர்களிடம் நானே வேண்டாம் என்று சொல்லி வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்கிறேன். யாழ்ப்பாணத்துக்கு மன்னார் பக்கத்தால் ஏ-32இல் போனவர்களுக்குத் தெரியும், சங்குப்பிட்டிப் பாலத்தில் சோளகம் (தென்மேற்குக் காற்று) அடிக்கும்போது பெரிய பாக் பாய்மரம் மாதிரி ஆளை இழுக்கும்.

இனி, சைக்கிளை ஏன் கொண்டுவரச் சொல்கிறோம்? ஸ்டெமுக்குப் பக்கத்தில் ஹாண்டிலின் பருமன் பழைய சைக்கிள்களில் பெரும்பாலும் 25.4 மில்லிமீற்றர், இப்போது வருகிறவற்றில் 31.8. போனில் கேட்டால் எல்லோரும் "நோர்மல் சைஸ்தான்" என்கிறார்கள். வேனியர் என்ற அளவுகோலை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். காபன் ஹாண்டில் என்றால் இந்தக் கிளாம்ப் வேண்டவே வேண்டாம், சுருட்டிப் பட்டி போட்டுக் கட்டும் பாக்கைப் பாருங்கள். வளைந்த ஹாண்டிலில் கியர் வயர் பக்கவாட்டால் வெளியே வரும் பழைய மாதிரி லீவர் இருந்தால், பாக் வயரை நெரித்து கியர் விழாமல் பண்ணும். சின்ன பிரேம் என்றால் பாக்குக்கும் ரயருக்கும் இடையில் விரல் போகக்கூட இடம் இருக்காது. முன் லைட் மறைந்துபோகும், அதைக் கீழே, முன் சில்லைப் பிடிக்கும் ஃபோர்க்கில் மாற்றிப் பூட்ட வேண்டும். இதெல்லாம் பார்சலில் அனுப்பக்கூடிய விஷயமா, நீங்களே சொல்லுங்கள்.

கடையில் பூட்டியதும் பாக்குக்குள் பாரம் வைத்து, ஹாண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, முன்பக்கத்தை அமுக்கிப் பார்த்துத்தான் தருவோம். பாக் பிரேமில் உரசும் இடத்தில் பழைய ரியூப் துண்டு ஒன்று ஒட்டிவிடுவோம், பெயின்ட் போகாது. மழைக்கு வாய் சுருட்டி மூடும் பாக்தான் என் தெரிவு. ஸிப் வைத்தது பார்க்க வடிவாக இருக்கும், ஆனால் கவர் இல்லாமல் மழையில் போனால் உள்ளே குளம்.

விலையைப் பற்றியும் கேட்கிறீர்கள். 2022 தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் அந்த மே மாதமே 360ஐத் தொட்டது. பிறகு இறங்கினாலும் பழைய இடத்துக்கு வரவில்லை. 2024 ஜனவரியில் வற் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமானது. வெளிநாட்டிலிருந்து வரும் சாமானில் இதெல்லாம் ஏறித்தான் நிற்கும்.

கடையில் பூட்டு வேலை செய்த நம் பாஸ் (மெக்கானிக்) கட்டாருக்குப் போய்விட்டார். நல்ல சம்பளம், மறிக்க மனம் வரவில்லை. அதனால் பாக் பூட்டுவது இப்போதைக்குச் சனிக்கிழமைகளில் மட்டும், பூட்டுகூலி 1,000 ரூபாய் பில்லில் சேரும்.

பெற்றோல் வரிசையில் நின்று களைத்து 2022இல் முதல் தடவை எங்கள் படியேறியவர்கள் இன்னும் வந்துகொண்டிருக்கிறீர்கள். வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் ஒரு ரியூப்புக்காகக்கூட எங்களைத் தேடி வருகிறீர்கள். அந்தப் படம் வந்ததும் "அப்படி இருக்காது, முதலில் கடைக்காரரைக் கேளுங்கள்" என்று எங்களுக்காகக் கதைத்தவர்கள் யார் யார் என்றும் தெரியும். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

அந்தத் தம்பியும் ஒரு சனிக்கிழமை சைக்கிளோடு வரட்டும், புதுக் கம்பி போட்டுத் தருகிறோம். அவரிடம் கூலி இல்லை. வருகிற எல்லோரும் பத்து மணிக்கு முன் வரப் பாருங்கள். அதற்குப் பிறகு டாம் வீதியில் லொறி வந்து சாமான் இறக்கத் தொடங்கினால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வரவும் வழி இருக்காது.

அன்புடன்,
கடை முதலாளி
டாம் வீதி, கொழும்பு 12