குறிப்புரையைக் கருவி நீக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரிய மென்பொருள்களின் பழைய நிரல்களைக் கருவிகளைக் கொண்டே சீரமைத்துவிடலாம், நிரலுக்கு நடுவே மனிதர்கள் படிப்பதற்காக எழுதி வைக்கும் குறிப்புரைகளில் பயனற்றவற்றையும் அவற்றாலேயே களைந்துவிடலாம் என்ற கருத்தைத் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் படித்தேன். இருபது ஆண்டுகளாக நிரல் எழுதிப் பிழைப்பு நடத்தும் எனக்கு அதன் முதல் பாதியில் மறுப்பில்லை. இரண்டாம் பாதியைத்தான் அப்படியே ஏற்க முடியவில்லை.

வரியை எத்தனை இடம் உள்ளே தள்ளுவது, அடைப்புக்குறியை எங்கே வைப்பது என்று மனிதர்கள் மல்லுக்கு நிற்பது வீண் வேலை. எல்லாக் கோப்புகளையும் ஒரே நாளில் மாற்றினால், ஒரு வரியை யார் எழுதினார் என்று தேடும்போதெல்லாம் சீரமைத்தவரின் பெயரே வந்து நிற்கும் என்ற குறை முன்பு இருந்தது. நிரலில் யார், எப்போது, எதை மாற்றினார் என்று பதிவு செய்யும் கிட் என்ற மென்பொருளின், 2019 ஆகஸ்டில் வெளிவந்த 2.23 பதிப்பில், அத்தகைய மாற்றங்களை மட்டும் ஒதுக்கிவிட்டு வரலாற்றைப் பார்க்கும் வசதி வந்ததால் அதுவும் பெருமளவு தீர்ந்தது.

குறிப்புரையின் கதை வேறு. இணையப் பாதுகாப்புக்கு அடித்தளமான ஓப்பன் எஸ்எஸ்எல் நிரல் முழுவதையும், அதிலிருந்த ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்புப் பிழை வெளிப்பட்ட மறு ஆண்டான 2015 ஜனவரியில், இன்டென்ட் என்ற கருவியைக் கொண்டு சீரமைத்தார்கள். ஆனால் கருவியை ஓட்டுவதற்கு முன்பே, குறிப்புரைகளுக்குள் கட்டம் கட்டமாக எழுதப்பட்டிருந்த அட்டவணைகளும் வரைபடங்களும் குலைந்துவிடக் கூடாது என்பதற்காக, அத்தகைய குறிப்புரை ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் உடுக்குறியை (*) அடுத்து ஒரு சிறு கோடு இட்டு வைத்தார்கள்; அந்தக் கோட்டைக் கண்டால் கருவி உள்ளே கை வைக்காது. எதைத் தொடக் கூடாது என்பதை மனிதர்கள் முதலில் முடிவு செய்தார்கள் என்பதே நான் சுட்ட விரும்புவது.

ஆவணங்களும் கணக்குத் தாள்களும் தயாரிக்க உதவும் லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருள் இன்னொரு சான்று. ஜெர்மனியில் 1980களில் பிறந்த ஸ்டார் ஆபீஸின் வழிவந்த மென்பொருள் என்பதால், 2010இல் அது தனியாகப் பிரிந்தபோது நிரலெங்கும் ஜெர்மன் மொழிக் குறிப்புரைகள் மண்டிக் கிடந்தன. படிக்கத் தெரியாதவருக்கு அவை குப்பைதான். ஆயினும் அவற்றைக் கூண்டோடு அழிக்கவில்லை. ஜெர்மன் வரிகள் எங்கெங்கே உள்ளன என்று கண்டுபிடிக்க மட்டும் ஒரு சிறு நிரல் எழுதிக்கொண்டார்கள். அவற்றை ஆங்கிலத்துக்கு மாற்றும் வேலையைத் தன்னார்வலர்கள் ஆண்டுக்கணக்கில் கையால் செய்தார்கள்.

இவ்வளவு பொறுமை எங்களுக்கு இல்லாமல் போனதன் விளைவையும் சொல்லிவிடுகிறேன். நான் முன்பு பணியாற்றிய நிறுவனம் ஒன்றில், விளக்கம் எதுவும் தராத ஒற்றை வரிக் குறிப்புரைகளை எல்லாம் நீக்கும் கருவியை ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஓட்டினோம். போனவற்றுள் "கிளாங் ஃபார்மேட் ஆஃப்" என்ற வரியும் ஒன்று. பார்வைக்கு அது வெறும் குறிப்புரை; உண்மையில், இதற்குக் கீழுள்ளதை மாற்றாதே என்று சீரமைப்புக் கருவிக்கு இட்ட கட்டளை. காவல் போனதும், அடுத்து ஓடிய சீரமைப்புக் கருவி கீழிருந்த தலைப்புக் கோப்புகளின் (நிரலின் தொடக்கத்தில் சேர்க்கப்படும் துணைக் கோப்புகள்) பெயர்களை அகரவரிசையில் அடுக்கியது. வின்சாக்2 என்ற கோப்பு முன்னும் விண்டோஸ் என்ற கோப்பு பின்னும் இருக்க வேண்டிய இடத்தில், ஆங்கில எழுத்து வரிசைப்படி விண்டோஸ் முன்னே வந்துவிட்டது. விளைவாக, ஒரே பெயர் இருமுறை வரையறுக்கப்பட்டதாகத் திரை நிறையப் பிழைகள். நிரலை இயங்கும் வடிவத்துக்குத் தொகுக்கவே முடியாமல் போனதால் உடனே பிடிபட்டோம் என்பது எங்கள் நல்லூழ். "இந்த இரண்டு வரிகளை இடம் மாற்ற வேண்டாம்" என்பது போன்ற எச்சரிக்கை ஒன்று அழிந்திருந்தால், தவறு வாடிக்கையாளரின் கணக்கில்தான் தெரிந்திருக்கும்.

அதனால் குறிப்புரைகளே கூடாதென்றோ அனைத்தும் புனிதமென்றோ நான் வாதிடவில்லை. 'கூட்டலின் விடையைக் கூட்டு' என்ற வகை எழுத்துகள் போவதில் எவருக்கும் வருத்தமில்லை. இப்போது எங்கள் குழுவில் சீரமைப்பைக் கருவி தனியே செய்கிறது. குறிப்புரையை நீக்கும் மாற்றம் வேறாக, சிறிது சிறிதாக வருகிறது. ஐயம் எழுந்தால் எழுதியவரையே கேட்கிறோம். வேலையை விட்டுப் போனவராயிருந்தால் தொலைபேசியில் அழைக்கிறோம்; இதுவரை ஒருவரும் கோபித்துக்கொண்டதில்லை.

இப்படிக்கு,
மென்பொருள் பொறியாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்.