9 தோல்வி, 56 புள்ளி

லிங்கன், நெப்ராஸ்கா
2021 டிசம்பர் 5

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் விடாமல் போடச் சொல். உடனே பதில் எழுதியிருக்க வேண்டும். சீசன் முடியட்டும், ஒரு நல்ல செய்தியோடு எழுதலாம் என்று தள்ளிப் போட்டேன். அந்தச் செய்தி வரவே இல்லை.

நம் நெப்ராஸ்கா பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து டீம் ஹஸ்கர்ஸுக்கு இந்த சீசனில் 3 வெற்றி, 9 தோல்வி. "நாம் பார்த்த அதே ஹஸ்கர்ஸ்தானா இது?" என்று கேட்டிருந்தாய். நீ கேட்பது நியாயம்தான். நாம் 2001 ஆகஸ்டில் இங்கே வந்து இறங்கியபோது இந்த விளையாட்டின் விதி ஒன்றுகூடத் தெரியாது. அக்டோபரில் ஓக்லஹோமாவை 20-10 என்று ஜெயித்த அன்று, வழக்கமாகப் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் எரிக் க்ரவுச்சே பந்தைப் பிடித்துக்கொண்டு எதிர்முனைக் கோட்டைத் தாண்டி டச்டவுனுக்கு ஓடினாரே, முன்பின் தெரியாத ஒரு தாத்தா நம் இருவரையும் சேர்த்துக் கட்டிப்பிடித்தார். நான் இந்த ஊர்க்காரன் ஆனது அந்த நிமிஷத்தில்தான். டாம் ஆஸ்போர்ன் கோச்சாக இருந்த 25 வருஷத்தில் ஒரு சீசனில்கூட 9 வெற்றிக்குக் கீழே போனதில்லை என்று அப்போது சொல்வார்கள். இப்போது அதே எண் தோல்விப் பக்கம் நிற்கிறது.

ஆனால் மோசமாக ஆடித் தோற்கவில்லை, மாப்ளே. அதுதான் மனதைப் போட்டு அறுக்கிறது. ஒன்பது தோல்வியில் ஒன்றுகூட இரட்டை இலக்க வித்தியாசத்தில் இல்லை. மிஷிகன் ஸ்டேட்டிடம் ஓவர்டைமில் 3 புள்ளி. மிஷிகனிடம் 3. பர்டூவிடம் 5. இல்லினாயிடம் 8. ஓக்லஹோமா, மினசோட்டா, விஸ்கான்சின், அயோவா நான்கிடமும் தலா 7. ஒஹாயோ ஸ்டேட்டிடம் தோற்ற 9தான் ஆகப் பெரியது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன், 56 வந்தது. நார்த்வெஸ்டர்னை ஒரே ராத்திரியில் 56-7 என்று அடித்த டீம் இது! சீசன் முழுக்க நாம் எடுத்தது 335, கொடுத்தது 272. கொடுத்ததைவிட 63 புள்ளி கூடுதலாக எடுத்துவிட்டு மூன்றே ஆட்டம் ஜெயிப்பது என்ன கணக்கு?

அதிர்ஷ்டம் இல்லை என்று ஆபீஸில் எல்லோரும் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பந்தை உதைக்கிற, உதைத்த பந்தைத் தடுக்கிற வேலையில்தான் ஓட்டை. ஓக்லஹோமாவில் டச்டவுனுக்குப் பிறகு உதைக்கிற அந்த ஒற்றைப் புள்ளி உதையைத் தடுத்து, எதிர்முனைவரை ஓடி அவர்கள் 2 புள்ளி எடுத்தார்கள். மிஷிகன் ஸ்டேட்டை 20-13 என்று அடக்கி வைத்திருந்தோம். கடைசிக் கால்பகுதியில், பந்தைத் தொலைவுக்கு உதைத்து எதிரணியிடம் விடுகிற நம் பன்ட்டர் ஒரு பக்கம் உதைக்க, நம் ஆட்கள் மறுபக்கம் ஓடினார்கள். பந்தைப் பிடித்தவன் ஆளில்லாத பாதையில் ஓடி டச்டவுன் போட்டான். போன வருஷம் நம் டீம் ஆடும் பிக் டென் லீக்கின் சிறந்த கிக்கர் விருது வாங்கிய பையன், இந்த வருஷம் எளிய உதைகளையே தவறவிட்டான். ஒருமுறை நடந்தால் விதி எனலாம். வாராவாரம் நடந்தால் பயிற்சியில் கவனம் போதவில்லை என்றுதானே அர்த்தம்?

அயோவா ஆட்டத்துக்கு மகளைக் கூட்டிப் போயிருந்தேன். தேங்ஸ்கிவிங்குக்கு மறுநாள், நல்ல குளிர். நம் குவார்ட்டர்பேக் ஏட்ரியன் மார்ட்டினெஸ் தோள் காயத்தால் ஆடவில்லை. அவர் இடத்தில் லோகன் ஸ்மதர்ஸ், தொடக்கத்திலிருந்தே களமிறங்கியது அவருக்கு அதுதான் முதல்முறை. பையன் பயமில்லாமல் ஓடினான். மூன்றாம் கால்பகுதியில் 21-6 என்று நாம் முன்னால். பக்கத்து வீட்டுப் பெரியவர், 1962இல் ஸ்டேடியம் விடாமல் நிரம்பத் தொடங்கிய காலத்திலிருந்தே அவர் குடும்பத்தில் டிக்கெட் இருக்கிறது, என் தோளைத் தட்டி "இன்றைக்குத் தப்பாது" என்றார். அப்புறம் அயோவாக்காரர்கள் நம் பன்ட்டர் உதைத்த பந்தைத் தடுத்து அப்படியே டச்டவுன் ஆக்கினார்கள். அடுத்து நம் முனையில் உள்ள எண்டுசோனுக்குள்ளேயே நாம் தவறி, அவர்களுக்கு 2 புள்ளி கொடுத்த ஒரு சேஃப்டி. அவர்கள் வரிசையாக 22 புள்ளி எடுத்து 28-21 என்று முடித்தார்கள். மகள் வண்டியில் ஏறும்வரை பேசவில்லை, ஏறியதும் அழுதாள். என்னிடமும் ஆறுதல் வார்த்தை எதுவும் இல்லை.

மார்ட்டினெஸ் இந்த வாரம், வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற விரும்புகிறவர்கள் பதிகிற டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயர் கொடுத்துவிட்டார். மிஷிகன் ஸ்டேட் ஆட்டத்தில் தாடை உடைந்து, அதோடேயே பல வாரம் ஆடியிருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. கடைசி நேரத்தில் பந்தை நழுவவிடுகிறார் என்று நானும் அவரைத் திட்டியவன். மிஷிகனிடம் 29-29 என்று இருந்தபோது பந்து கைநழுவியது அவரிடம்தான். இருந்தும், நான்கு வருஷம் அடிவாங்கியும் எழுந்து நின்ற அந்தப் பையனை வழியனுப்ப மனம் வரவில்லை.

கோச் ஸ்காட் ஃப்ராஸ்ட்டைத் தொடரவிட்டிருக்கிறார்கள். சம்பளத்தை 50 லட்சம் டாலரிலிருந்து 40 லட்சமாகக் குறைத்து, தாக்குதல் பக்கத்து உதவிக் கோச்சுகள் நான்கு பேரை அனுப்பிவிட்டார்கள். 1997இல் சாம்பியன் ஆன டீமின் குவார்ட்டர்பேக், நெப்ராஸ்காவின் வுட் ரிவரில் வளர்ந்த மண்ணின் மைந்தர். நான்கு சீசனில் 15 வெற்றி, 29 தோல்வி. வெளியாளாக இருந்தால் எப்போதோ அனுப்பியிருப்பார்கள். சரி, ஒரு வருஷம் கொடுத்துப் பார்க்கலாம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனால் உதைக்கும் பிரிவை யாராவது உட்கார்ந்து சீர்படுத்தாவிட்டால் அடுத்த வருஷமும் இதே கதைதான்.

ஸ்டேடியத்தின் மூலையில் கல்லில் செதுக்கியிருப்பார்களே, வெற்றியில் இல்லை, செயலில்தான் பெருமை என்ற பொருளில். அயோவா ஆட்டத்தன்று அந்தப் பக்கமாகத்தான் வெளியே வந்தோம். நாம் மாணவர்களாக இருந்தபோது அதை அழகான வாசகம் என்று நினைத்தோம். அன்று என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இன்னொரு விஷயம். 2022 செப்டம்பர் 17ஆம் தேதி ஓக்லஹோமா இங்கே வருகிறது. பெரியவருக்குப் படியேற முழங்கால் ஒத்துழைக்கவில்லை. உன்னைப் பற்றிச் சொன்னேன், தன் சீட்டை உனக்கே தருகிறேன் என்றார். விசா இன்னும் இருக்கிறதா என்று பார்த்து எழுது. உன் பழைய சிவப்புத் தொப்பி எங்கள் பரணில்தான் இருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்