இடது கை மட்டும் வேண்டாம்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. பையனுக்கு ஓசூரிலேயே வேலை அமைந்ததில் ரொம்ப சந்தோஷம். இனி நீ சமைத்துக் கட்டிக்கொடுக்கத் தயாராகிக்கொள்.

அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். நடக்கிறாள், பேச்சும் தெளிந்துவிட்டது. ரத்தம் கசிந்தது மூளைக்குள், நடுவே இருக்கும் தாலமஸ் என்ற பகுதியின் வலப்பக்கத்தில். பிபி மாத்திரையை அவளாகவே நிறுத்தியதன் வினை. சரி, பிழைத்தாளே என்று நாங்கள் மூச்சுவிட்ட சில வாரங்களில் அடுத்தது ஆரம்பித்தது.

இடது கை எரிகிறது என்றாள், மிளகாய் அரைத்த கை மாதிரி. ஃபேன் காற்று ஆகாது. குழாய்த் தண்ணீர் பட்டால் அலறுகிறாள். புடவைத் தலைப்பு உரசினால்கூட முகம் சுருங்கிவிடுகிறது. கையைப் பார்த்தால் ஒரு சிவப்பு, ஒரு வீக்கம் கிடையாது. அதே கையில் கண்ணை மூடச் சொல்லிச் சாவியை வைத்தால் என்ன பொருளென்று தெரியவில்லை! "கவனிக்க ஆள் வேணும்னு நடிக்கிறா" என்றாள் அத்தை. ஒரு மருத்துவமனையில் தூக்க மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம் பார்த்த நரம்பியல் டாக்டர்தான் பெயர் சொன்னார்: டெஜெரின்-ரூஸி சிண்ட்ரோம். 1906-ல் பிரான்சில் இரண்டு டாக்டர்கள் விவரித்தது. வாசனையைத் தவிர மற்ற உணர்வுகளெல்லாம் தாலமஸ் வழியாகத்தான் மூளையின் மேற்பரப்புக்குப் போகின்றன. அங்கே சேதமானால், உடம்பின் எதிர்ப்பக்கத்தில் லேசாகத் தொட்டாலும் வலியாகப் பதிவாகலாம். கோளாறு மண்டைக்குள் இருக்க, பாராசிட்டமால் எப்படிக் கேட்கும்? இப்போது ராத்திரியில் அமிட்ரிப்டிலின், குறைந்த அளவில். மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைதான், நரம்பு வலிக்கும் கொடுப்பார்களாம். அத்தையிடம் இதை மட்டும் சொல்லவில்லை. "பார்த்தியா, நான் சொன்னேன்ல" என்பாள்.

எரிச்சல் கொஞ்சம் மட்டுப்பட்டிருக்கிறது. முழுக்கப் போய்விடும் என்று டாக்டர் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் பெயர் கிடைத்ததே அம்மாவுக்குப் பாதி மருந்து. வருகிறவர்களிடமெல்லாம் "எனக்கு பிரெஞ்சுக்காரன் கண்டுபிடிச்ச வியாதி" என்று பெருமையடிக்கிறாள்.

பொங்கலுக்கு நீ அவசியம் வா. உன் வழக்கப்படி வாசலிலேயே ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்காதே. வலது பக்கம் உட்கார்ந்து வலது கையைப் பிடித்துக்கொள். உன்னிடம் சொல்ல அவளிடம் நிறைய கதை இருக்கிறது, பாதி அத்தையைப் பற்றி.

அன்புடன்,
சுந்தரி