முதுகில் கட்டிய தறி: அத்தைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அத்தைக்கு,

நான் அனுப்பிய பாலித் தீவுப் படங்களைப் பார்த்தவர்கள் எல்லாரும் வயலையும் மலையையும் பற்றிக் கேட்டார்கள். நீங்கள் மட்டும்தான் "அந்தப் பொண்ணு முதுகுல என்னத்தக் கட்டியிருக்கா?" என்றீர்கள். வாட்ஸப்பில் இரண்டு வரியில் முடிகிற விஷயம் இல்லை. நெசவு தெரிந்த மற்றவர்களும் படிக்கட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

அவள் முதுகில் இருப்பது தறியின் ஒரு பாகம். ஊர் சிடெமன், பாலியின் கிழக்கே, கரங்காசெம் மாவட்டத்தில், ஆகுங் எரிமலைக்குக் கீழே இருக்கிற பள்ளத்தாக்கு. சொங்கெட் என்ற ஜரிகைத் துணியை அங்கே பெண்கள் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து நெய்கிறார்கள். பாவின், அதாவது நீளவாட்டில் ஓடும் நூல்களின், ஒரு முனை எதிரே உள்ள பலகையில் இருக்கும். மறுமுனை மடிக்கு முன்னால் ஒரு கட்டையில். அந்தக் கட்டையை, இடுப்புக்குப் பின்னால் வைத்த மரத்தோடு கயிறு போட்டுக் கட்டிவிடுகிறார்கள். பின்னால் சாய்ந்தால் பாவு விறைக்கும், குனிந்தால் தளரும். உங்கள் குழித்தறியில் மரம் செய்த வேலையை இங்கே முதுகெலும்பு செய்கிறது.

பூவேலைக்கு நூலைத் தூக்கிவிடும் ஜக்கார்டு அட்டை எதுவும் கிடையாது. எந்தப் பாவு நூல் எப்போது எழ வேண்டும் என்பதைக் குச்சிகளும் நூல் கண்ணிகளும் பார்த்துக்கொள்கின்றன. ஜரிகை கூடுதல் ஊடையாக, அதாவது குறுக்கு நூலாகப் போகிறது. துணியின் அகலம் குறைவு. இரண்டு துண்டை நடுவில் தைத்தால்தான் இடுப்பில் சுற்றிக் கட்ட முடியும். ஒன்றை முடிக்க ஒரு மாதம், சில சமயம் இரண்டு மாதம்கூட ஆகும். அதைக் கையில் வைத்துக்கொண்டு பாதி விலைக்குக் கேட்டாள் ஒரு பயணி. நீங்கள் பக்கத்தில் இல்லாதது அவள் நல்ல நேரம்.

எண்டெக் என்று இன்னொன்று. இது நம் ஊர்க் கடைகளில் இக்கத் என்று விற்பதன் வகை. ஊடை நூலைச் சட்டத்தில் விரித்து, அங்கங்கே நார் கட்டிச் சாயத்தில் முக்குகிறார்கள். சில நிறங்களை மூங்கில் குச்சியால் தொட்டு வைக்கிறார்கள். அப்புறம் கால்மிதித் தறி. இதே மாவட்டத்துத் தெங்கனான் ஊரில் பாவு, ஊடை இரண்டையும் கட்டிச் சாயமிட்டு கெரிங்சிங் என்ற துணி நெய்கிறார்கள். குஜராத்தில் பாட்டன் என்ற ஊரின் படோலா பட்டு போல. ஒரு துணிக்கு வருஷக்கணக்கில் ஆகுமாம்.

உடுத்துகிறவர்கள் குறைந்தால் தறி நின்றுவிடும் என்று நீங்கள் அடிக்கடி சொல்வீர்களே, அதைத்தான் அங்கே மறுபக்கத்திலிருந்து பார்த்தேன். முன்பு மேல்குலத்தார் மட்டும் உடுத்திய சொங்கெட்டை இப்போது கல்யாணத்துக்கும் பல் தேய்க்கும் சடங்குக்கும் யாரும் உடுத்துகிறார்கள். (பருவம் வந்த பிள்ளைகளுக்குக் கோரைப்பல்லின் கூர்மையை அரத்தால் ராவிவிடும் சடங்கு அது, பயப்படாதீர்கள்.) 210 நாளுக்கு ஒருமுறை கலுங்கான் என்ற பாலி இந்துக்களின் திருநாள். கோயில் சிலைக்கும், ஆலமரத்துக்கும்கூடக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணி சுற்றுகிறார்கள். போதாததற்கு, செவ்வாய்க்கிழமைதோறும் எண்டெக் உடுத்தச் சொல்லி பாலி ஆளுநர் 2021இல் சுற்றறிக்கை விட்டார். டியோர் என்ற பிரெஞ்சு ஆடை நிறுவனம் தன் 2021 தொகுப்பில் எண்டெக் உடைகள் கொண்டுவந்ததைப் பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கென்னவோ செவ்வாய்க்கிழமைகள்தான் சோறு போடும் என்று தோன்றுகிறது.

அதிலும் போட்டி உண்டு. ஜாவாத் தீவின் ஜெபாரா பக்கமிருந்து எண்டெக் மாதிரியே துணி மலிவாக வந்து பாலிச் சந்தையில் குவிகிறது. அவர்களும் நெசவாளிகள்தான், யாரைத் திட்டுவது?

வயல்களைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். சுபாக் என்ற பாசன முறையை 2012இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தபோது சிடெமன் அதில் இடம்பெறவில்லை. அமைதியாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ. இந்தப் பக்கத்தில் தென்னங்கள்ளைக் காய்ச்சி அராக் என்ற சாராயம் எடுக்கிறார்கள். மாமாவுக்குப் படித்துக் காட்டும்போது இந்த வரியை விட்டுவிடுங்கள்.

நீங்கள் ஒருமுறை போக வேண்டும், அத்தை. நம்மவர்களுக்கு விமான நிலையத்திலேயே விசா தருகிறார்கள். அந்தத் தறியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்கவும் விடுகிறார்கள். எனக்குப் பத்து நிமிஷத்தில் இடுப்பு போய்விட்டது. முதலில் பாஸ்போர்ட் எடுங்கள், டிக்கெட் என் பொறுப்பு.

அன்புடன்,
உங்கள் மருமகள்