குச்சிக்கிழங்குக்கு ஆப்பிரிக்கா அனுப்பிய குளவி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வெளியான ஆப்பிரிக்க வேளாண்மை பற்றிய கட்டுரை, அக்கண்டத்து உழவர்களுக்கு நாம் கற்றுத்தர வேண்டியவற்றை விரிவாகப் பேசியது. அங்கிருந்து நமக்கு வந்து சேர்ந்த, பயிரைக் காக்கும் ஒரு குளவியைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை என்பதே, ஆத்தூர்ப் பக்கம் குச்சிக்கிழங்கு பயிரிடும் குடும்பத்தைச் சேர்ந்த என் குறை.

நாங்கள் குச்சிக்கிழங்கு என்று சொல்லும் மரவள்ளி, போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் தென் அமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோன பயிர். ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் கழித்து, 1970களின் தொடக்கத்தில், வெள்ளை மாவு படிந்ததுபோல் தோன்றும் அதன் மாவுப்பூச்சியும் பின்னாலேயே போய்க் காங்கோ பகுதியில் இறங்கியது. ஆணே இல்லாமல் பெருகும் அந்தப் பூச்சி குருத்தைச் சுருட்டிச் செடியைக் குட்டையாக்கிவிடும். காங்கோ மக்களுக்கு மரவள்ளி இலைதான் அன்றாடக் கீரை. ஆகவே கிழங்கும் கீரையும் அடுத்த நடவுக்கான குச்சியும் ஒருசேரப் பாழாயின. பறித்துச் சமைக்கும் கீரையின்மேல் எந்த மருந்தை அடிப்பது? அதற்குக் காசுதான் ஏது?

நைஜீரியாவின் இபாதான் நகரில் 1967இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தில், சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஹான்ஸ் ஹெரன் தலைமையிலான குழுவினர் பூச்சியின் தாயகத்திலேயே அதன் எதிரியைத் தேட முனைந்தனர். தென் அமெரிக்காவின் வடபகுதியில் முதலில் அகப்பட்டது, பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்த வேறோர் இனம். அதன் ஒட்டுண்ணிகளால் பயன் விளையவில்லை. 1981இல்தான் பராகுவேயில் உண்மையான இனமும், அதன் உடலுக்குள் முட்டையிட்டு அதை உள்ளிருந்தே தின்று தீர்க்கும் அனகைரஸ் லொபேசி என்ற, கடுகளவே உள்ள குளவியும் கிடைத்தன. அதே ஆண்டில் நைஜீரியாவில் தொடங்கிய விடுவிப்பு, விமானத்திலிருந்து தூவும் அளவுக்கு வளர்ந்து, இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் குளவியை நிலைக்கச் செய்தது. ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. பரிசைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று: குளவிக்காக எந்த உழவரும் விலை கொடுக்கவில்லை, அதற்கு எவரும் காப்புரிமையும் கோரவில்லை.

2020இல் கேரளத்தில் தென்பட்ட இதே மாவுப்பூச்சி, விரைவில் சேலம், நாமக்கல், தருமபுரித் தோட்டங்களுக்கும் வந்து, கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளை நம்பியிருந்த எங்களைக் கலங்கடித்தது. பெங்களூருவிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம், இபாதான் நிறுவனத்துக்குப் பெனின் நாட்டில் உள்ள நிலையத்திலிருந்து 2021இல் அந்தக் குளவியை வரவழைத்து, தனிமைப்படுத்திச் சோதித்து, 2022 மார்ச்சில் எங்கள் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விடுவித்தது. நாற்பது ஆண்டுக்கால ஆப்பிரிக்க அனுபவம் கையில் இல்லாதிருந்தால், நாம் பராகுவேயிலிருந்து அல்லவா தேடத் தொடங்கியிருக்க வேண்டும்!

கட்டுரையாளர் மீது எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் இன்றும் எங்கள் ஊர்களில் வெள்ளையாக எதைக் கண்டாலும் மருந்து தெளிப்பவர்கள் உண்டு. தெளித்தால் மாவுப்பூச்சியோடு குளவியும் செத்துப்போகும். அடுத்த இதழில் அந்தக் குளவியின் படத்தையும், அது குடைந்து வெளியேறிய பின் எஞ்சும் மாவுப்பூச்சியின் வெற்றுக்கூட்டின் படத்தையும் அடையாளம் தெரியும்படி பெரிதாக வெளியிட்டால், பலரும் தெளிப்பானை எடுக்குமுன் ஒருமுறை இலையைத் திருப்பிப் பார்ப்பார்கள்.

இப்படிக்கு,
குச்சிக்கிழங்கு விவசாயி ஒருவர்,
ஆத்தூர், சேலம் மாவட்டம்.