மஞ்சளையே வாங்கு, மக்களே

மேலமணக்குடி
ஞாயிறு, பூசை முடிந்து வந்து

மக்களே,

மீன் பிடிக்க வாங்கப் போகிறேன் என்று நீ அனுப்பின கயாக் போட்டோ இரண்டையும் பார்த்தேன். வாய்ஸ் போடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நான் போனில் பேசினால் தெருக்கோடி வரை கேட்கும், அடுக்களையில் நிற்கிற அம்மாவுக்குக் கேட்காதா? கடலுக்குப் போகக் கூடாது என்று கம்மலை அடகு வைத்துப் படிக்க வைத்த பிள்ளை, துபாயில் சம்பளக் காசைக் கொடுத்துக் கடலுக்குப் போகிறான் என்று தெரிந்தால் எனக்குத்தான் சோறு கிடைக்காது. அதனால் எழுதித் தங்கச்சியிடம் கொடுக்கிறேன், போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள். வாயைத் திறக்காமல் இருக்க ஐந்நூறு ரூபாய் கேட்டிருக்கிறாள். அதை நீதான் அனுப்ப வேண்டும்.

முதலில் கயாக், அந்த ஒற்றை ஆள் துடுப்பு வள்ளம். உள்ளே காலை நுழைத்து உட்காரும் பச்சையா, மேலே உட்காரும் மஞ்சளா என்று கேட்டாய். மஞ்சளை வாங்கு. யோசிக்க ஒன்றும் இல்லை, அது நம்ம கட்டுமரம்தான். மேலே ஏறின தண்ணீர் மரத்தின் இடுக்கு வழியாக இறங்குகிற மாதிரி அதில் தட்டிலுள்ள ஓட்டை வழியாக இறங்கிவிடும். பச்சையில் ஏறின தண்ணீர் உன் மடியில்தான் நிற்கும். கவிழ்ந்தால் நடுக்கடலில் அதை இறைத்து, திரும்ப உள்ளே நுழைவது பழகினவனுக்கே கஷ்டம்.

மஞ்சள் 12 அடி நீளம், 80 சென்டிமீட்டர் அகலம் என்று எழுதியிருந்தாய். நல்ல அளவு. அதைவிட ஒடுங்கினது வேகமாக ஓடும், ஆனால் நீ ஓட்டப்பந்தயத்துக்கா போகிறாய்? 160 கிலோ தாங்கும் என்று போட்டிருப்பதை அப்படியே நம்பாதே. அதில் மூன்றில் இரண்டு பங்கு, 105 கிலோ, அதோடு நிறுத்திக்கொள். நீ போன லீவுக்கு வந்தபோதே 82 கிலோ. தண்ணீர், ஐஸ் பெட்டி, நங்கூரம், தூண்டில் ராடு எல்லாம் சேர்த்தால் எங்கே வந்து நிற்கும் பார். கடைக்காரன் காட்டுகிற பாட்டுப் பெட்டி, கூலர், கேமரா கம்பம் எதுவும் முதல் வருசம் வேண்டாம்.

ஆனால் ஒரு விசயத்தில் அது நம்ம மரம் இல்லை. மரம் முழுக்க மரம். தலைகீழானாலும் மிதக்கும், தாழாது. கயாக் உள்ளே வெறும் பொள்ளல். நம் பக்கம் ப்ளைவுட் மரம் புதிதாக வந்த காலத்தில் நானும் ஒன்று வாங்கினேன், நீ அப்போது பிறக்கவில்லை. ஒருநாள் விடியற்காலம் அவசரத்தில் அடியில் உள்ள அடைப்பைச் சரியாக முறுக்காமல் தள்ளிவிட்டேன். ஒரு மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் வள்ளம் ஒரு பக்கம் சாய்ந்தால் நிமிர யோசித்தது. குடத்தில் பாதித் தண்ணீரோடு நடந்தால் தண்ணீர் போகிற பக்கம் குடம் இழுக்குமே, அப்படி. வெளியே ஒரு சொட்டு கிடையாது, உள்ளே காலளவு தண்ணீர். அன்றைக்குப் பக்கத்தில் இன்னொரு மரம் இருந்ததால் கரை சேர்ந்தேன். அதனால் இறங்கும் முன் உன் கயாக்கின் அடைப்பைக் கையால் தொட்டுப் பார். கண்ணால் பார்த்தால் போதாது. அப்புறம் ராடு வைக்கும் குழாயை எல்லாம் முதல் நாளே துளை போட்டு மாட்டாதே. நாலு தடவை போய்வந்தால்தான் உன் கை எங்கே நீள்கிறது, துடுப்பு எங்கே இடிக்கிறது என்று தெரியும். துளை போட்டால் ஓரத்தில் கடலுக்கேற்ற பசை பூசி, துருப்பிடிக்காத ஸ்டீல் திருகு போடு. நல்ல துளை என்று ஒன்று கிடையாது. அதுவரை ஒரு மீன்கூடையை முதுகுப் பக்கம் கட்டிக்கொண்டால் ராடு, பெட்டி எல்லாம் அதிலேயே நிற்கும்.

தூண்டில் வாங்கும் முன் கவிழ்ந்து பழகு. நீ இங்கே இருந்தால் பழையாறு வந்து சேருகிற காயலில், கடலில் திறக்கிற பொழிமுகத்துக்கு உள்ளே நிறுத்தி நானே கவிழ்த்துவிட்டிருப்பேன். நீ அங்கே துபாய்ப் பக்கம் அலை இல்லாத இடமாகப் பார்த்து, ராடும் தூண்டில் முள்ளும் இல்லாமல், ஒரு கூட்டாளியைக் கரையில் நிறுத்திவிட்டுச் செய். கவிழ்ந்ததும் அடிப்பக்கம் கையை நீட்டி அந்தப் பக்கத்து ஓரத்தைப் பிடித்து இழுத்து நிமிர்த்து. அப்புறம் கைவலிமையால் ஏறப் பார்க்காதே. காலை நீட்டி மிதந்து, தண்ணீரை உதைத்துக்கொண்டே வயிற்றை நடுவில் போடு. கொஞ்சம் மூச்சு வாங்கு. பிறகு புரண்டு குண்டியை வை, கடைசியில் கால். பத்துத் தடவை செய். பத்தாவது தடவையும் ஏற முடிந்தால் ராடு கடைக்குப் போகலாம்.

லைப் ஜாக்கெட் போட்டுக்கொண்டே பழகு. முதுகுப் பக்கம் பஞ்சு மேலே தூக்கி வைத்தது என்று ஒன்று விற்கிறதாம், சீட்டில் சாய்ந்தால் குத்தாது, அதை வாங்கு. நம் ஆட்கள் போடுவதில்லையே என்று கேட்பாய். நானும் போட்டதில்லை. 2017 நவம்பர் 30 காலையில் ஓகி புயல் வந்தபோது நம் கடற்கரை முழுக்க என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். கவிழ்ந்த வள்ளத்தையும் கேனையும் பிடித்துக்கொண்டு கிடந்து வந்தவர்களிடம் கேட்டிருக்கிறேன். நீச்சல் தெரிந்ததா என்பதை யாரும் பெரிதாகச் சொல்லவில்லை. பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்ததா என்றுதான் பேசினார்கள். ஜாக்கெட்டின் நெஞ்சுப் பக்கம் ஒரு விசிலும், ஒரு கையால் உருவக்கூடிய கத்தியும் இருக்கட்டும். கத்தி எதற்கு என்றால், துடுப்பையும் ராடையும் நீ வள்ளத்தோடு கட்டுவாய், கட்டத்தான் வேண்டும். கவிழும்போது அந்தக் கயிறே காலில் சுற்றினால்? கட்டுகிற கயிறு போன் ரிசீவர் வயர் மாதிரி சுருள் சுருளாக, கட்டையாக இருக்கட்டும். நீளக் கயிறு வேண்டாம்.

சரி, ராடு. நான் கைத்தூண்டில்காரன், விரலில் தங்கூசி நரம்பைப் பிடித்தே மீனின் எடையைச் சொல்லுவேன். ஆனால் பொழியில் சாயங்காலம் ராடு போடுகிற பயல்களோடு மூன்று வருசமாக உட்காருகிறேன், ஒரு ரீலையும் கெடுத்திருக்கிறேன், அதனால் சொல்ல எனக்கு உரிமை உண்டு. இரண்டே ராடு. இரண்டும் 7 அடி. ஏன் 7? மீன் வள்ளத்துக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் ஓடும். அப்போது ராடின் நுனியை முன்னால் கொண்டுபோய், முகப்பைச் சுற்றி நூலை மறுபக்கம் எடுக்க வேண்டும். குட்டை ராடு எட்டாது, நூல் அடியில் உராய்ந்து அறுந்துவிடும். அதே நேரம் கைப்பிடியின் பின்பக்கம் நீளமாக இருக்கக் கூடாது, உட்கார்ந்தபடி சுற்றும்போது வயிற்றிலும் ஜாக்கெட்டிலும் இடிக்கும். கடையில் நின்று பார்க்காதே, தரையில் காலை நீட்டி உட்கார்ந்து பிடித்துப் பார். கடைக்காரன் சிரித்தால் சிரிக்கட்டும்.

ரீல் 4000 அளவு போதும். 30 பவுண்டு தாங்கும் பிரெய்டு, அதாவது பின்னல் நூல். பிரெய்டை நேராக ரீலில் சுற்றினால் உள்ளே வழுக்கிச் சுற்றும், மீன் இழுக்கும்போது ரீல் திரும்பும் ஆனால் நூல் வராது. முதலில் கொஞ்சம் தங்கூசியைச் சுற்றி அதன்மேல் பிரெய்டைப் போடு. முனையில் ஒன்றரை மீட்டர், 40 பவுண்டு புளோரோகார்பன் நரம்பு. முடிச்சை இறுக்கும் முன் எச்சில் வை. உலர்ந்து இறுக்கினால் தங்கூசி சூட்டில் கருகும், பார்வைக்கு நல்ல முடிச்சாகத்தான் இருக்கும், மீன் வந்த பிறகுதான் தெரியும். மீன் இழுத்தால் நூலை விட்டுக்கொடுக்கிற டிராக் என்ற பிடியை, லக்கேஜ் நிறுக்கும் தராசை மாட்டி இழுத்துப் பார்த்து வை. 30 பவுண்டு என்றால் பதின்மூன்றரைக் கிலோ, அதில் கால் பங்கு, மூன்றரைக் கிலோவுக்கு நூல் ஓட வேண்டும். நீ தரையில் நிற்கவில்லை என்பதை மறக்காதே. பெரிய பாரை மீன் மாட்டினால் உன்னையும் வள்ளத்தையும் சேர்த்து இழுத்துப் போகும். போகட்டும், அதுவே அதற்குச் சோர்வு. ராடை மட்டும் முகப்புப் பக்கம் நீட்டிப் பிடி. விலாப் பக்கம் திருப்பினால் அது உன்னைச் சாய்க்கும்.

அடிமீனுக்குத் தூண்டில் கட்டுவது நீ சின்னதில் பார்த்ததுதான். ஈயம் அடியில், முள் மேலே கிளையில். ஈயத்தை மட்டும் மெல்லிய தங்கூசியில் கட்டு. பாரில், கடலடிப் பாறையில், ஈயம் மாட்டினால் அது மட்டும் அறுந்து போகும், முள்ளும் சில நேரம் மீனும் உன்னிடம் வரும். வட்ட முள் போடு. அதற்குக் கையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது, மெதுவாகச் சுற்றினாலே வாயின் ஓரத்தில் போய்க் கொத்தும். நெய்மீன், சீலா இருக்கும் தண்ணீர் என்றால் ஒரு சாண் கம்பி சேர், அதன் பல்லுக்குப் பிரெய்டு ஒன்றும் இல்லை. துடுப்புப் போட்டுக்கொண்டே பின்னால் பொய்மீன் இழுத்துப் போனால் நெய்மீனுக்கு நல்லது. ஆனால் அந்தப் பொய்மீனில் தொங்குகிற மூன்று கவர் முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் மாட்டு. எல்லா முள்ளிலும் பின்னோக்கி நிற்கிற மடலைக் குறட்டால் நசுக்கு. என் இடது உள்ளங்கையில் இருக்கிற தழும்பைச் சின்ன வயதில் தடவித் தடவிக் கேட்பாயே, சுறா கடித்தது என்று சொல்லியிருந்தேன். சுறா இல்லை. துடிக்கிற சூரையின் வாயில் ஒரு முள், என் கையில் ஒரு முள். மீன் குதிக்கிற ஒவ்வொரு தடவையும் கை கூடவே குதித்தது. மரத்திலாவது மச்சினன் இருந்தான் வெட்டிவிட. நீ ஒற்றை ஆள்.

வீட்டுக்கு வந்ததும் ரீலை நல்ல தண்ணீரில் கழுவு. டிராக்கை இறுக்கிவிட்டு லேசாகத் தெளித்தால் போதும், உலர்ந்தபின் தளர்த்தி வை. நான் வாளியில் முக்கி எடுத்தேன், உப்பை உள்ளேயே அனுப்பிவிட்டேன். மூன்றாம் நாள் கைப்பிடி சுற்றவில்லை.

நங்கூரம் இப்போது வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். வாங்கியிருந்தால் ஒன்றரைக் கிலோ மடக்கு நங்கூரம் போதும். கயிறு ஆழத்தைப் போல மூன்று மடங்காவது விட வேண்டும். ஆனால் எக்காரணம் கொண்டும் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில், விலாவில் கட்டாதே. கைக்கு எட்டுகிறதே என்று தோன்றும். நீரோட்டம் இழுக்க, பக்கத்திலிருந்து அலை வர, கயிறு அந்த ஓரத்தைக் கீழே பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான், கூடை ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். முகப்பிலோ பின்னாலோதான் கட்ட வேண்டும். அதற்கு ஓரம் நெடுக ஒரு கயிற்று வளையத்தைக் கப்பியில் ஓடவிட்டு, உட்கார்ந்தபடியே நங்கூரத்தை முன்னும் பின்னும் நகர்த்துகிறார்கள். நல்ல வேலை, எனக்குப் பிடித்திருக்கிறது. அதுவரை ஓட்டத்தில் மிதந்தே தூண்டில் போடு.

இனி காற்று. நீ இறங்கப் போகிற புஜைராவில் கடல் கிழக்கே, மலை மேற்கே என்று சொன்னாய். அப்படியானால் உனக்கு மேற்குக் காற்றுதான் எதிரி. நமக்கு வாடை எப்படியோ அப்படி. கரையில் நின்றால் கடல் தகடு மாதிரி படிந்து கிடக்கும், போ போ என்று கூப்பிடும். அது உன்னை வெளியேதான் தள்ளும், திரும்பும்போதுதான் கணக்குத் தெரியும். பாய் கட்டிப்போன காலத்தில் விடியற்காலம் கரைக்காற்றில் போய், மதியத்துக்கு மேல் கடல்காற்றில் வருவோம். உனக்குப் பாய் கிடையாது, இரண்டு தோள்தான். காற்று 10 நாட், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டருக்கு மேல் என்று போனில் காட்டினால் அன்றைக்கு இறங்காதே. முதலில் காற்றை எதிர்த்துப் போ, களைத்தபின் அதுவே கொண்டுவரும். எப்போது திரும்புவாய் என்று ஒருவனிடம் மணியோடு சொல்லிவிட்டுப் போ. இங்கே கடலோரக் காவல்படைக்கு 1554, அங்கே 996. அதை உள்ளங்கையில் எழுதி வை. அங்கே பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடவும் அனுமதிச் சீட்டு வேண்டும், அதை எடுத்துவிட்டு இறங்கு.

மலை இருக்கிறது என்று சொன்னாயே, அது உனக்கு அதிர்ஷ்டம். கணிச்சம் பார்க்கலாம். நான் கோயில் கோபுரத்தை மருந்துவாழ்மலையின் ஒரு தோளுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்துவேன். இன்னொரு பக்கம் ஒரு தென்னைக்கூட்டத்தை வேறொரு மேட்டுக்கு நேராக. இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் அடியில் பார் கிடக்கும், கிளாத்தியும் களவாவும் அங்கே. நீ ஒரு பள்ளிவாசல் மினாரையும் மலை உச்சியையும் எடுத்துக்கொள். உன் ஜிபிஎஸ் பேட்டரி தீர்ந்தாலும் மலை நகராது. மீன் கிடைத்த இடத்தின் கணிச்சத்தை யாரிடமும் சொல்லாதே, எனக்கு மட்டும் எழுது.

செவ்வாய்க்கிழமை மேலத்தெரு ஆள் ஒருவர் லீவு முடிந்து துபாய் வருகிறார். அவரிடம் நான் வார்த்த ஈயக்குண்டு பன்னிரண்டு கொடுத்துவிடுகிறேன். ஆறு சின்னது, ஆறு பெரிது. அம்மா அந்தப் பொட்டலத்தில் நெத்தோலிக் கருவாடும் வைப்பாள், ஈயம் எதற்கு என்று கேட்டால் பேப்பர் பறக்காமல் இருக்க ஆபீசில் வைக்க என்று சொல்லியிருக்கிறேன். நீயும் அதையே சொல்லு.

அப்பா