பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையில் பி6 அளவு: புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

ஐயா / அம்மா, வணக்கம்.

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். என் அம்மாவுக்கு வயது 66. சர்க்கரைக்காக எட்டு வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். அதை வருடக்கணக்கில் சாப்பிட்டால் உடம்பில் பி12 குறையலாம். அவருக்கும் குறைந்தது. டாக்டர் பி12 எடுக்கச் சொன்னார், மெடிக்கல் ஷாப்பில் உங்கள் டப்பாவைக் கொடுத்தார்கள். முன்பக்கம் பெரிய எழுத்தில் 'பி12, நரம்புக்கு வலு' என்றிருந்தது. நம்பி வாங்கினேன்.

'தினம் 1 அல்லது 2' என்று போட்டிருந்ததால் காலையும் இரவும் கொடுத்தேன். ஏழு மாதம். முதலில் கால்விரல் நுனி மரத்தது, அப்புறம் பாதம் முழுக்க. சர்க்கரையால்தான் என்று நினைத்தோம். ஒருநாள் செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் தென்னந்தோப்பிலிருந்து வெறுங்காலோடு வந்து நின்றார். பொள்ளாச்சியில் நரம்பு டாக்டர் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கப் பொடி எழுத்தில் பைரிடாக்சின், அதாவது பி6, 100 மி.கி. இரண்டு மாத்திரைக்கு 200! ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 2 மி.கி. தான். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் வைத்த உச்சவரம்பு 12 மி.கி., அமெரிக்காவில் 100. மாதக்கணக்கில் மிஞ்சினால் உணர்வு நரம்புகளே கெடலாம். நரம்புக்கென்று விற்கும் மாத்திரையில் இதைப் பற்றி ஒரு வரி எச்சரிக்கை இல்லை.

பி12 1500 மைக்ரோகிராம் இருப்பதில் எனக்குக் குறையில்லை. அவ்வளவு பெரிய அளவை விழுங்கினால் நூற்றில் ஒரு பங்குபோலத்தான் உடம்பில் சேரும். பி6-க்கு அந்தக் கணக்கு கிடையாது.

மாத்திரையில் உள்ள பயோட்டின் (இதுவும் ஒரு பி வைட்டமின்தான்) எவ்வளவு என்பதையும் சொல்லவில்லை. 'கூட்டுக் கலவை 350 மி.கி.' என்று மொத்தமாகப் போட்டிருக்கிறீர்கள். பயோட்டின் கூடினால் சில ரத்தப் பரிசோதனை முடிவுகள் தப்பாக வரலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017-லேயே எச்சரித்தது. அம்மா தைராய்டுக்கும் ரத்தம் கொடுப்பவர். லேபில் கேட்டால் நான் என்ன அளவைச் சொல்ல?

மாத்திரையை நிறுத்தி இரண்டு மாதமாகிறது. கால் எரிச்சல் குறைந்திருக்கிறது, மரமரப்பு போகவில்லை. இதில் சர்க்கரையின் பங்கு எவ்வளவு, மாத்திரையின் பங்கு எவ்வளவு என்று டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் 200 மி.கி. அவருக்குத் தேவையே இல்லை என்பதைத் தெளிவாகச் சொன்னார்.

கலவையில் ஒவ்வொன்றும் எவ்வளவு என்று எழுத்தில் தெரிவியுங்கள். பி6-ஐக் குறையுங்கள். எச்சரிக்கையை முன்பக்கத்திலேயே, தமிழிலும் மலையாளத்திலும் போடுங்கள்; எங்கள் ஊரில் அம்மாவைப் போல ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர்கள்தான் இதை அதிகம் வாங்குகிறார்கள். பில்லின் நகலும் டப்பாவின் படமும் இணைத்திருக்கிறேன். 15 நாளில் பதில் வராவிட்டால் பாலக்காட்டு உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுப்பேன்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறை வாடிக்கையாளர்